டப்பாவில் வந்த புலி

எனக்குக் கன்னடம் பிரமாதமாக வரும் என்று நம்பியவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் ஆம்பூரிலிருந்த என் மனைவியின் தம்பி. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பேருக்கும் தெளிந்துவிட்டது.

மச்சானுக்கு, நான் குடியிருக்கிற கன்னட ஊரான ஹெப்பகோடியில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு தொழிற்சாலையில் வேலை வந்திருந்தது. வருகிறானா இல்லையா என்று மறுநாள் சொல்லியாக வேண்டும். ஆம்பூரில் வேலை போய், பெண்டாட்டி பிள்ளையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவன். வேலைக்குப் பயப்படுகிற ஆள் இல்லை, பாஷைக்குத்தான் பயம். அவன் பேசினால் டீக்கடையில் பக்கத்து ஆள் டீயை ஆறவிட்டுக் கேட்பான். அப்படிப்பட்டவன் போனில், "அங்க வந்து வாய மூடிக்கினு நிக்கணுமே மாமா. தொறந்தா சிரிப்பாங்க" என்றான்.

நான் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்கிறவன். வாய்தான் என் பிழைப்பு. யாராவது ஒரு வார்த்தையைப் புதுசாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அதை வெற்றிலை மாதிரி மென்றுகொண்டிருப்பேன். என்னைப் பார்த்தால் அவனுக்குத் தைரியம் வந்துவிடும் என்று அவனை வரவழைத்து, குடும்பத்தோடு சஃபாரி பூங்காவுக்குக் கிளப்பிக்கொண்டு போனேன். புலியைக் காட்டுவது சாக்கு. என் கன்னடத்தைக் காட்டுவதுதான் திட்டம்.

போகிற வழியில் பஸ்ஸிலேயே பாடம் ஆரம்பித்துவிட்டேன். தமிழில் 'ப' வருகிற இடத்தில் 'ஹ' போடு, அவ்வளவுதான் கன்னடம் என்றேன். பால், ஹாலு. பல், ஹல்லு. பூ, ஹூவு. பத்து, ஹத்து. மச்சான் அசந்துபோனான். பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிக்கிற என் மகள் அவள் அம்மாவைப் பார்த்தாள். அவள் அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

பூங்கா வாசலில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் துழாவிக்கொண்டிருந்தார் காவலர். என் மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோற்று டப்பாவை எடுத்து, இது என்ன என்று கன்னடத்தில் கேட்டார். மச்சான் என் வாயையே பார்த்தான். புளிக்கு ஹுளி. சோற்றுக்கு அன்ன. மனசுக்குள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் நாக்கு 'ள'வுக்கு மடங்குகிற நாக்கு இல்லை. கவுண்டர் பழக்கத்தில் 'அன்ன' வேறு 'அண்ணா'வாகிவிட்டது. நான் கம்பீரமாகச் சொன்னது இதுதான்: "ஹுலி அண்ணா."

அதாவது, புலி அண்ணா.

அவர் சிரிக்கவே இல்லை. டப்பாவைக் காதோரம் வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தார். "ஹுலி ஒளகடே இதே அண்ணா" என்றார். புலி உள்ளேதான் இருக்கிறது, நீங்கள் வேறு வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமா என்று கேட்டு, டப்பாவை மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். வரிசை மொத்தமும் சிரித்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு கன்னடக் குடும்பத்துப் பெரியவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"நாக்க மடிக்கணும்ப்பா" என்றாள் மகள்.

"தமிழ்லயே அவருக்கு அது மடங்காது" என்றாள் அவள் அம்மா.

மச்சான் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். கம்பி போட்ட சஃபாரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். மான் வந்தது, கரடி வந்தது, அவன் செல்போனில் மணி பார்த்தான். ஆம்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுவானோ என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி "ஹுலி நோடி", புலியைப் பாருங்கள், என்றதும், பஸ்ஸில் பாதிப் பேர் புலியை விட்டுவிட்டு என் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தார்கள். நிஜப் புலி ஒரு மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அதற்காவது என் கன்னடம் காதில் விழாமல் இருந்ததே.

வெளியே வந்து, வண்டிகள் நிற்கிற இடத்தில் மரநிழலில் டப்பாவைத் திறந்தோம். புரையேறிய பெரியவர் தன் குடும்பத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கே அந்தப் புலி, எங்களுக்கும் ஒரு வாய் கொடுங்கள் என்று தட்டை நீட்டினார். கரண்டி மச்சான் கையில் இருந்தது. போடட்டுமா என்று கேட்க வேண்டும். அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு நான் சொல்லிக்கொடுத்தபடியே 'ப'வை எடுத்துவிட்டு 'ஹ'வைப் போட்டு, "ஹோடட்டா?" என்றான்.

கன்னடத்தில் 'ஹொடி' என்றால் அடி. பெரியவர் தட்டால் தலையை மூடிக்கொண்டு, "ஹொடீபேடி, ஹாகி" என்றார். அடிக்காதீர்கள், போடுங்கள்.

என்ன சொன்னார் என்று மகள் தன் மாமனுக்கு விளக்கினாள். அவன் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். அவனோ முதலில் திகைத்து, பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். இவன் தமிழில், அவர் கன்னடத்தில், நடுவில் கையும் புருவமும். பெரியவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு இவன் தொடையில் தட்டிக்கொண்டான். அது என்னவென்று எனக்கே சரியாகப் புரியவில்லை, கேட்கவும் வெட்கம்.

கை கழுவப் போனபோது மச்சான் என் பக்கத்தில் வந்தான்.

"இத்தினி வருசமா இந்தக் கன்னடத்த வச்சிக்கினா பொழப்ப ஓட்டுனீங்க மாமா?"

"ஆமாண்டா."

"அப்ப நான் தாராளமா வந்துரலாம்" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டிக்கு போன் போட நகர்ந்தான்.

நான் குழாயை மூட மறந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.