அழகுபாண்டி மாமா மீட்டெடுத்த ழகரம்

விளாங்குடியில் எங்கள் தெருவுக்குள் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி எதிர்வீட்டு வாசலில் அடுக்கினார்கள். பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்த எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அழகுபாண்டி மாமா இறந்துவிட்டார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் சிலர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுத எனக்கு வரவில்லை.

மாமா நீதிமன்றத்தில் டவாலி. தோளில் குறுக்கே பட்டை அணிந்து, நீதிபதியின் அறை வாசலில் நின்று, வழக்குக்கு வந்தவர்களின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவது அவர் வேலை. மூன்றாவது முறையும் யாரும் வராவிட்டால் உள்ளே திரும்பி, “கூப்பிட்டேன், ஆள் இல்லைங்கய்யா” என்பார். பரவையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வரப்பில் நின்று அடுத்த வயலுக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. மதுரைக்காரர்கள் பலர் ழகரத்தை ளகரமாகத்தானே பேசுகிறோம், நீங்கள் மட்டும் எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

“வீட்ல நானும் வாளப்பளம்தான் திங்கிறேன், பாப்பா. டவாலியப் போட்டுட்டா அது வாழைப்பழம்! அவனவன் ஆத்தா அப்பன் ஆசையா வச்ச பேரு. அதக் கொதறலாமா?” என்றார்.

அந்த நாக்கின் ஓரத்தில்தான் ஆறாத புண் வந்தது. புற்றுநோய் என்றார்கள். ஒரு பகுதியை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். மிச்சமிருந்த நாக்கு கீழேயே ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. நுனியை மேலே மடக்கி அண்ணத்துக்குக் கொண்டுபோக அவரால் முடியவில்லை. ட, ண, ள, ழ நான்கும் போய்விட்டன. அவருடைய பெயரிலேயே அவற்றில் மூன்று இருக்கின்றன. (அவர் பேசியதை அவர் சொல்ல நினைத்தபடியேதான் இங்கே எழுதுகிறேன். அந்தக் குழறலை எழுதிக் காட்ட மாட்டேன்.)

பள்ளி விடுமுறையில் ஒருநாள், மாமாவுக்குக் கஞ்சி கொண்டுபோன அத்தையோடு நானும் நீதிமன்றத்துக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், “அண்ணே, உங்க பேரு என்னண்ணே? ஒருக்காச் சொல்லுங்க, கேப்போம்” என்றார். சுற்றி நின்றவர்கள் கப்பை வாயில் வைத்தபடியே சிரித்தார்கள். மாமா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டிவிட்டுக் கஞ்சித் தூக்கை வாங்கிக்கொண்டார். அதற்கு முன்பே அவரைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். வாசலில் வேறொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு அந்த வாசல் திரும்ப வேண்டும். வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழி படிப்பது. நூலகத்திலும் அப்பாவின் போனிலும் தேடினேன். நாக்கை மடித்துப் பிறக்கும் இவற்றுக்கு வளைநா ஒலிகள் என்று பெயர். இந்திக்காரர்களுக்கு டகரம் உண்டு. சுவீடனிலும் நார்வேயிலும் பேச்சில் நாக்கு மடிகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பல மொழிகளில் இந்த ஒலிகள் நிறைந்திருக்கின்றன. சீனத்தில் நம் ழகரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஓர் ஒலி உண்டு. பிரெஞ்சிலும் பாரசீகத்திலும் இந்த வரிசையே கிடையாது என்றேன்.

“அப்ப என்னையப் பிரான்சுக்கு மாத்தச் சொல்லி மனு எழுது. அங்க நான் நல்ல டவாலி” என்றார் மாமா.

“அங்க போயி கஞ்சிக்கு எங்க போவீக?” என்றார் அத்தை.

பிறகுதான் அதைக் கண்டுபிடித்தேன். அமெரிக்கர்களின் ஆங்கிலத்தில் ‘ஆர்’ எழுத்துக்கு ழகரத்தை ஒத்த ஓர் ஒலி இருக்கிறது. அதைச் சிலர் நாக்கை மடித்துச் சொல்கிறார்கள். வேறு சிலர் நுனியைக் கீழேயே விட்டுவிட்டு, நடுநாக்கைத் திரட்டி உயர்த்திச் சொல்கிறார்கள். கேட்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அப்படியானால் ழகரத்துக்கு மடியும் நாக்கு கட்டாயமில்லை!

மாமா கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். எச்சில் ஒழுகும், துண்டால் துடைப்பார், மறுபடி தொடங்குவார். மார்கழியில் தொடங்கியவர் பங்குனி வெயிலில் ஒருநாள் தெருவே கேட்க “அழகு” என்றார். ழகரம் சுத்தமாக விழுந்தது. அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். “பாதிப் பேரு வந்திருச்சு, பாப்பா. அழகு வந்துட்டான். பாண்டிதான் இன்னும் வரல” என்று சிரித்தார் மாமா. டகரத்துக்கு நாங்கள் வழி கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பெயர் புரிந்தது.

அடுத்த வாரம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அதிகாரியிடம் போனார். ஒரே ஒரு பெயர் கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்று கேட்டிருக்கிறார். “எதுக்குண்ணே ஒடம்ப வருத்திக்கிறீங்க? ஃபேனுக்குக் கீழ உக்காந்து ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். கேட்டுப் பார்க்கவே இல்லை.

“அன்பாச் சொல்லிட்டாக, பாப்பா. அதான் சண்ட போட முடியல” என்றார் மாமா. அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் உட்காரவில்லை. மழைக்காலத்தில் நோய் கழுத்துக்கு இறங்கியது.

இப்போது தல்லாகுளம் பேருந்து நிறுத்தத்துச் சுவரில் அவர் படம் ஒட்டியிருக்கிறது. ‘கணீர்க் குரலால் நீதிமன்றத்தைக் கட்டிப்போட்டவரே, மீளாத் துயரில் தவிக்கிறோம்.’ கீழே சக ஊழியர்களின் பெயர்கள். டீக் கப்போடு அவர் பெயரைச் சொல்லச் சொன்னவரின் பெயர் முதலில், திருப்பி அனுப்பிய அதிகாரியின் பெயர் அடுத்து. அந்தக் கணீர்க் குரல் ஒரே ஒரு பெயரைக் கூப்பிட அனுமதி கேட்டு உங்களிடம் வந்ததே, அன்றைக்கு உங்களுக்குக் காது எங்கே போயிருந்தது?

அவருடையதாக என்னிடம் எந்தப் பொருளும் இல்லை. அவருடைய ழகரம் இருக்கிறது. என் நாக்கு நன்றாகவே மடியும். ஆனாலும் நேற்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, நுனியைக் கீழே விட்டு, நடுநாக்கைத் திரட்டி, அவரைப் போலவே கூப்பிட்டேன். அழகுபாண்டி. அழகுபாண்டி. அழகுபாண்டி. பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கூப்பிட்டேன், ஆள் இல்லைங்கய்யா.