கடுகு தூக்கும் மிஷின்

எலக்ட்ரானிக் போர்டில் சாமான் ஒட்டுகிற தொழிலில் சோறு போடுவது மூளை இல்லை, மூச்சு. ஒரு சின்னக் குழாய் மூச்சை உள்ளே இழுத்தால் சாமான் ஒட்டிக்கொண்டு மேலே வரும். மூச்சை விட்டால் போர்டில் போய் உட்காரும். அந்தக் குழாய்க்கு நாசில் என்று பெயர். அதைப் பிடித்துக்கொண்டு சாமான் சுற்றி வருகிற ரீலுக்கும் போர்டுக்கும் நடையாய் நடக்கிற பெட்டிதான் பிக் அண்ட் ப்ளேஸ் மிஷின். கம்பெனிகளில் அது ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். நான் வாங்கியது மேஜைமேல் வைக்கிற ரகம். பொழுதுபோக்குக்குப் போர்டு செய்கிறவர்கள் வீட்டில் வைத்து விளையாடுவதற்காகச் செய்தது. அதை வைத்துக் குடும்பம் நடத்தப் பார்த்தேன். சொந்தத் தொழில் என்று இறங்கி முழி பிதுங்கி நிற்கும் சக பாவப்பட்டவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, ஒரு கம்பெனியில் இந்த மாதிரி மிஷின்களைப் பராமரித்தே எனக்குத் தலை நரைத்தது. புது மிஷின் லைன் வந்ததும் பழைய ஆட்களைக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். பெங்களூரில் கடையை மூடிவிட்டுப் போன யாரோ பையன்களிடம் இந்த மிஷினை வாங்கி, சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறை மாடியில் போட்டேன். துணைக்கு மஞ்சுளா. கெலமங்கலத்துப் பெண், வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், மிஷினைத் திட்டுவதற்கு மட்டும் கன்னடம். வாடிக்கை என்று இருந்தது முனிராஜப்பா ஒருத்தர்தான். போன் போட்டால் போர்வெல் மோட்டார் ஓடுகிற ஸ்டார்ட்டர் பெட்டி செய்து, நாகரசம்பட்டிப் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கு விற்கிறவர்.

ஒருநாள் அவர் புது டிசைனோடு வந்தார். பழைய பெரிய சாமான்கள் வரத்து நின்றுவிட்டதாம், இனி எல்லாம் கடுகைவிடச் சின்னதாம். விஜயதசமிக்குள் சாம்பிள் போர்டு சரியாக வந்தால் வருஷம் பூரா வேலை எனக்கு, வராவிட்டால் பெங்களூருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். என் மிஷினின் நாசிலோ மிளகுக்குக் கீழே எதையும் தூக்காது. மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் மிஷினை விற்றுவிட்டு மறுபடி யார் வாசலிலாவது போய் நிற்க வேண்டும்.

ஊசி வேண்டும், மருந்து வேண்டாம்

இந்த மாதிரி மிஷின் வைத்திருக்கிறவர்கள் இன்டர்நெட்டில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். ஊசி போடுகிற ஊசியை வெட்டி, நுனியை நேராக அரம் போட்டு, நாசில் இருக்கிற இடத்தில் சொருகிவிட்டால் கடுகு சைஸ் சாமானையும் தூக்குமாம். நானும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலுக்குப் போய், இருப்பதிலேயே மெல்லிசான ஊசி ஒரு கைப்பிடி கொடுங்கள், சிரிஞ்ச் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்று கேட்டேன். கடைக்காரர் முதலில் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் முழங்கையைப் பார்த்தார். பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்ற அம்மா பையனை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

நான் மானம் போகாமல் விளக்கத் தொடங்கினேன். மிஷின், மூச்சு, போர்வெல், மாந்தோப்பு என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் சாவகாசமாகச் சொன்னார்: "அந்த மிஷினுக்கு என்ன வியாதின்னு ஒரு டாக்டர்கிட்ட சீட்டு எழுதி வாங்கிட்டு வாங்க சார், தரேன்."

தரைக்கு ஊட்டினேன்

மாட்டு மருந்துக் கடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தார்கள். ஆனால் அது மாட்டு ஊசி. அதன் ஓட்டை வழியாகச் சாமான் உள்ளே போய், மூச்சை இழுக்கிற பம்ப்பில் சிக்கி, பம்ப் செத்தது. வேறு பம்ப் வாங்கிப் போட்டேன். பிறகு மஞ்சுளாவின் நாத்தனார், நர்ஸ், நாலைந்து மெல்லிய ஊசி கொடுத்து உதவினாள். நான் அரம் போட்டேன், எதுவும் நேராக வரவில்லை. நுனி ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும், சாமான் பாதி வழியில் விழும்.

அந்த நேரம் பார்த்து முனிராஜப்பா வந்து, ஸ்டூலை இழுத்து மிஷின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மிஷின் எடுக்கும், நாலு விரல்கடை நகரும், கீழே போடும். மஞ்சுளா டார்ச்சோடு தரையில் தவழ்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் குடுத்தது போர்டுல ஒட்டறதுக்கு சார், உங்க தரைக்கு இல்ல."

எந்த மாநிலம்?

ஊசியை ஓரமாக வைத்துவிட்டு, பெரிய மிஷின்களில் வருகிற மாதிரி நல்ல நாசிலும், அதை மாட்டுகிற ஸ்பிரிங் வைத்த ஹோல்டரும் ஆர்டர் பண்ணினேன். பார்சல் பெங்களூர் வந்தது. அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர். தாண்டியது. மறுபடி அதே வழியில் திரும்பிப் போய்விட்டது. கூரியர்க்காரர்களுக்குப் போன் பண்ணினால், பெங்களூர் ஆபீஸில் கன்னடத்தில் இது தமிழ்நாட்டு ஆபீஸ் வேலை என்றார்கள். தமிழ்நாட்டு ஆபீஸில் சேலத்துக்கு வந்தால்தான் தங்களுக்குத் தெரியும் என்றார்கள்.

சாம்பிள் நாள் நெருங்கிக்கொண்டிருக்க, நான் பைக்கை எடுத்துக்கொண்டு பார்டருக்கு அந்தப் பக்கம் இருந்த கூரியர் குடோனுக்கே போய், மூட்டைகளுக்கு நடுவில் என் பார்சலை நானே தேடி எடுத்தேன். கையெழுத்து வாங்கிய பையனுக்கு என்மேல்தான் எரிச்சல். "நீங்க கர்நாடகாவா தமிழ்நாடா, மொதல்ல ஒரு முடிவுக்கு வாங்க சார், எங்களுக்கு வேற வேலை இருக்கு."

இடி

புது ஹோல்டரை மாட்டுவதைப் பார்க்க முனிராஜப்பாவும் வந்துவிட்டார். அதே ஸ்டூல். இந்தத் தடவை கையில் போனை வைத்து வீடியோ எடுத்தார். இன்ஜினியரிங் முடித்த மகன் வீட்டில் சும்மா இருக்கிறானாம், அவனுக்குக் காட்டணுமாம். பழசை எப்படிக் கழற்றுவது, ஹோல்டர் ஆடாமல் எப்படி இறுக்குவது, காற்றுக் குழாயை எங்கே சொருகுவது என்று நானும் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாக இருந்தது. கம்பெனியில் அத்தனை வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் இது எப்படி என்று கேட்டதில்லை.

பேச்சு சுவாரசியத்தில் ஒன்றைக் கோட்டை விட்டேன். புது நாசில் பழசைவிட நீளம். எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்ற அளவை மிஷினுக்குத் திருத்திச் சொல்லவில்லை. ஆன் பண்ணியதும் அது பழைய கணக்கிலேயே இறங்கி, போர்டில் நங்கென்று குத்தியது. நாசில் நுனி போச்சு, போர்டும் போச்சு. சின்னச் சாமான்கள் வெளியே நல்லாத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருந்தன. அந்த மாதிரி போர்டு விற்பனைக்குப் போனால் ஏதோ ஒரு தோப்பில் மோட்டார் நின்று மரம் காயும். முனிராஜப்பா அதையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் சுரேஷிடமிருந்து போன். கம்பெனியில் எனக்குக் கீழே ட்ரெய்னியாக இருந்தவன், இப்போது சூப்பர்வைசர். என் கஷ்டம் எப்படியோ அவன் காதுக்குப் போயிருந்தது. நல்ல மனசோடுதான் பேசினான், அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "அண்ணே, அங்க கெடந்து ஏன் சாகுறீங்க? காண்ட்ராக்ட்ல ஒரு எடம் இருக்கு, என் கீழதான், நான் பாத்துக்கறேன்."

பொட்டு

உயர அளவைத் திருத்தி, கூட வாங்கியிருந்த மாற்று நாசிலைப் போட்டேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மிஷின் முதல்முறையாக ஒழுங்காக ஓடியது. கடுகைவிடச் சின்னதை எடுத்து, கீழே இருக்கிற கேமராவிடம் காட்டி, திருப்பி, போர்டில் அழகாக வைத்தது. மஞ்சுளா கை தட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் பூஜை. ஆயுதத்தைத் தொடக் கூடாது என்பதால் நான் சாமி கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பூஜை முழுக்க மஞ்சுளா பொறுப்பு.

விஜயதசமி காலையில் முனிராஜப்பா பொரி, சுண்டலோடு சாம்பிள் வாங்க வந்தார். ஆன் பண்ணினேன். மிஷின் ஒவ்வொரு சாமானையும் எடுத்தது, கேமராவிடம் காட்டியது, கொண்டுபோய்க் குப்பைத் தட்டில் போட்டது. ஒன்றுகூடப் போர்டுக்குப் போகவில்லை. அளவைப் பார்த்தேன், காற்றைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் குனிந்து நாசிலை அடியிலிருந்து பார்த்தால், சந்தனம்! நாசிலுக்கு மேலே ஒரு சின்னக் கறுப்புத் தட்டு இருக்கும். அது கறுப்பாக இருந்தால்தான் கேமராவுக்குச் சாமான் மட்டும் பளிச்சென்று தெரியும். மஞ்சுளா பக்தியோடு அந்தத் தட்டிலும் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமமும் வைத்திருந்தாள். கேமரா அந்தப் பொட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இது என்ன சாமான் என்று குழம்பிப்போயிருக்கிறது.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஓட்டைக்குள் லேசாகப் போயிருந்த குங்குமத்தைக் குத்தி எடுத்தேன். நாத்தனார் கொடுத்த ஊசி அதற்காவது உதவியது. தட்டு ஏன் கறுப்பாக இருக்க வேண்டும் என்று முனிராஜப்பா கேட்டார், வீடியோ ஓடிக்கொண்டிருக்க அதையும் விளக்கினேன். அப்புறம் மிஷின் ஓடியது, சாம்பிள் போர்டு ஒன்று விடாமல் பாஸ். மஞ்சுளாவை அதுவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். அவள் சுண்டலைத் தின்றுகொண்டே சொன்னாள்: "பொட்டு வெச்சதுனாலயா நின்னுச்சுங்கறீங்க? பொட்டு வெக்காமத்தானேண்ணா போன மாசம் பூரா ஓடல?"

இன்னொரு பூஜை

சாம்பிளை வாங்கிப் போனவரிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. போன் பண்ணினால் எடுப்பார், நல்லா இருக்கீங்களா சார் என்பார், ஆர்டர் பற்றி மட்டும் அப்புறம் பேசுவோம் என்பார். தீபாவளி போனது. பிறகு அவரே கூப்பிட்டார். கெலமங்கலத்தில் புதுசாக ஷெட் போட்டிருக்கிறாராம், பூஜைக்கு நானும் மஞ்சுளாவும் கட்டாயம் வரணுமாம். ஆர்டரை நல்ல நாளில் கையில் கொடுக்கப் போகிறார் என்று நான் இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். புத்தி எங்கே போச்சு என்று கேட்காதீர்கள்.

ஷெட் நடுவில் மேஜைமேல் என் மிஷின். என்னுடையது இல்லை, அதே மாடல், புத்தம் புதுசு. அதே ஹோல்டர், அதே நாசில், நான் கட்டிய அதே பக்கத்தில் காற்றுக் குழாயைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் மகன் கையில் போனோடு நின்றான், அதில் ஓடிக்கொண்டிருந்தது என் குரல். முனிராஜப்பாவின் வீட்டம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மஞ்சுளா பதறிப் போய், அக்கா, நாசிலுக்கு மட்டும் வேண்டாம் என்று தடுத்தாள். மிச்சமிருந்த அந்த ஒரு வித்தையையும் நாங்கள் இலவசமாகக் கொடுத்தாயிற்று.

நாசில் மட்டும் போர்டில் லேசாக இடிக்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்றான் மகன். நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் மிஷின் இடிக்கிற சத்தம் என் காதில் விழுந்தால் என் கை சும்மா இருக்காது. குனிந்து உயர அளவைச் சரி பண்ணினேன். இடி நின்றது. முனிராஜப்பா என் தோளில் கை போட்டு, உள்ளபடியே அன்போடு, ஒரு தட்டில் கேசரியை நீட்டிக்கொண்டு சொன்னார்: "சின்ன மிஷின்லயே இவ்ளோ பண்ணலாம்னு காட்டுனதே நீங்கதான் சார், இல்லன்னா நாங்க பெங்களூருக்குத்தான் போயிருப்போம்."

இப்போது நான் சுரேஷுக்குக் கீழே காண்ட்ராக்டில் இருக்கிறேன், அங்கே மிஷின் பக்கத்தில் வெளியாட்கள் நிற்கக் கூடாது, வீடியோ எடுக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், ஷிஃப்டுக்கு உள்ளே போகும்போது நான் கையெடுத்துக் கும்பிடுகிற ஒரே சாமி அதுதான்.