பட்டுக்கூட்டுக்குள் ஆணும் பெண்ணும்

பெற்ற அப்பாவைக் குறை சொல்லி எழுதுவதா என்று பல வருஷம் தயங்கினேன். அவருடைய பெருமையும் இதற்குள்தான் இருக்கிறது என்று இப்போது தோன்றுவதால், ஆண்டவரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

எழுபதுகளில் நல்லம்பள்ளிப் பக்கம் எங்களுக்கு மல்பெரித் தோட்டம் இருந்தது, பட்டுப்புழு வளர்த்தோம். நான் மூன்றாவது பெண். நான்காவதும் தொப்பூரில், அம்மா பிறந்த வீட்டில், பெண்ணாகவே பிறந்தது. அப்பா பார்க்கப் போகவில்லை.

"அவ அங்கியே இருக்கட்டும் தம்பி. ஆம்பளப் புள்ளைக்கு வழியில்லாத வயிறு," என்று அத்தை தினமும் ஓதினாள். அப்பாவுக்கு அக்கா; அவள் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. அம்மா இனி வருவாளோ மாட்டாளோ என்று நாங்கள் செபமாலை சொல்லி அழுதோம்.

அந்தச் சமயம்தான், முட்டைக்கென்று ஒதுக்கும் விதைக்கூடுகளைப் பொறுக்க, பட்டு வளர்ச்சித் துறை ஆபீசர் வந்தார். ஒரு கூட்டை வெட்டி, உள்ளே இருந்த கூட்டுப்புழுவைக் காட்டினார். "இது பொட்டைங்க. வயித்துல பெருக்கல் குறி மாதிரிக் கோடு பாருங்க. ஆணுக்கு வெறும் புள்ளி."

"ஏனுங்க சார், ஆணு பொட்டைங்கறது யாரால ஆகுது?" என்றாள் அத்தை.

"பட்டுப்பூச்சியில தாயாலதாங்க."

அத்தை கையைத் தட்டினாள். "கேட்டியா தம்பி! பூச்சிக்கே அப்படின்னா உம் பொண்டாட்டிக்கு?"

ஆபீசர் சிரித்துவிட்டார். "மனுசங்களுக்கு அப்படியே தலைகீழுங்கம்மா. தகப்பன் குடுக்கறதுதான். ஈயிலகூட அப்படித்தான். தேனீயில அப்பனே இல்லாம பொறக்கறதுதான் ஆண்."

"அப்பனே இல்லாமயா? அடி ஆத்தா!"

"ஆதியில ஒண்ணுபோல இருந்த குரோமோசோம் ஜோடி, போகப்போக ஒவ்வொரு பூச்சியினத்துலயும் ஒவ்வொரு மாதிரி மாறிப்போச்சுங்க. யாரும் கேட்டு வாங்கறதில்ல."

ஓர் ஈக்குக்கூட ஆண்டவர் தனி வழி வைத்திருக்கிறாரே என்று இன்றும் வியக்கிறேன். அப்பா மட்டும் மெல்லக் கேட்டார். "அப்போ நாலும் எங்கிட்டருந்து வந்ததுங்களா?"

"ஆமாங்க."

அப்பா சட்டையை மாட்டினார். "எங்கடா போறே? கூடு யார் பிரிக்கறது?" என்று அத்தை கத்தினாள்.

"நீயே பிரிச்சுடுக்கா."

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து அம்மாவோடு இறங்கினார். குழந்தை அவர் கையில். எங்கள் பக்கம் ஆண்கள் பச்சைக் குழந்தையைத் தெருவில் தூக்கி வருவதே கிடையாது. டீக்கடையில் யாரோ, "என்ன புள்ளைங்க?" என்று கேட்டார்கள். "எம் பொண்ணு," என்றார். அதுவரை எங்களை 'அவ பெத்ததுங்க' என்றே சொன்னவர்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். பஸ்ஸில் தலை சுற்றியிருக்கும் என்று நினைத்து, நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

அந்தக் குழந்தையை அப்புறம் மடியை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அத்தைதான். ஆகவே இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், அவளைப் பேயாக்காமல், அப்பாவைப் புனிதராக்காமல், நடந்தபடியே சொல்லுங்கள்.