குணா கட்டிக்கொடுத்த சுவர்

மலேசியாவின் பத்து பகாட் நகரில் எங்கள் வரிசை வீடுகளுக்கு இடையே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். பக்கத்து வீட்டில் மின் சோற்றுப்பானையின் சுவிட்ச் விழுவதுகூட எங்கள் பக்கம் கேட்கும். ஆனால் காலையில் கேட் அருகே பார்த்துக்கொள்ளும்போது, நேற்றுக் கேட்டதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இங்கே அது மரியாதை. வந்த முதல் மாதமே நானும் அதைக் கற்றுக்கொண்டு, நாட்குறிப்பில் மட்டும் எழுதிவந்தேன். ‘செவ்வாய், மாலை 7.10. அந்தப் பக்கம் கனமாக ஏதோ விழுந்தது. தவிலை எடுத்தேன். 7.13, அங்கே அமைதி.’ இப்படிப் பதினான்கு குறிப்புகள். பதினான்கிலும் கடைசிச் சொல் அதுதான். அந்த அமைதி ஏன் வந்தது என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

நான் அருப்புக்கோட்டைக்காரன். இங்கே ஒரு துணி ஆலையில் தறி பழுதுபார்க்கிறேன். வேலை அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல் அரைமணி நேரம் தவில் வாசித்து, பதிவுசெய்து, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்புவேன். பக்கத்து வீட்டுக் குணா இங்கேயே பிறந்த தமிழர், தடுப்புச் சுவரும் சீலிங்கும் போடும் காண்டிராக்டர். தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு கேட் அருகே வந்து, சத்தம் தாங்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்நிய நாட்டில் ஒரு புகார் போதும், அனுமதி போய்விடும். ஆனால் வழியும் அவரே சொன்னார்.

“நீங்க வாசிக்கிற காலி ரூம சத்தம் வெளிய போகாம நான் அடைச்சுத் தரேன் லா, ஊர்க்காரரே. கூலிலாம் வேணாம். நம்ம ஆளுக்கு நாங்க செய்யலன்னா யாரு செய்வா?”

மூன்று ஞாயிறுகள் வேலை நடந்தது. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி மரச்சட்டம், நடுவே கண்ணைக் கரிக்கும் கண்ணாடிப் பஞ்சு, மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, இடுக்கெல்லாம் பசை. நான் படித்த நூல்கள் எல்லாம், சத்தம் முதலில் கதவு, சன்னல் வழியாகத்தான் போகும் என்றன. குணா கேட்கவில்லை. தம் வீட்டை ஒட்டிய சுவரைத்தான் முதலில் அடைத்தார். முழ நீள இரும்பு ரசமட்டத்தை வைத்து வைத்து மட்டம் பார்த்து, நூல் பிசகாமல் செய்தார். இந்த நாட்டில் எனக்கு ஓர் அண்ணன் கிடைத்துவிட்டதாக அன்று எழுதியிருக்கிறேன்.

சோதித்துப் பார்க்க, குணாவின் மனைவி ரீத்தாவை அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே முழு வேகத்தில் வாசித்தேன். ஒன்றுமே கேட்கவில்லை என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “உள்ள இருந்தா எங்க வீட்டுச் சத்தம் கேக்குமா அண்ணே?”

வெடி வைத்தாலும் கேட்காது என்று பெருமையடித்தேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

வேலை முடிந்து ஒன்பதாம் நாள், செவ்வாய். வாசித்து முடித்துத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தபோது மணி 7.40. பின்சந்தில் ரீத்தா என் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வலது முன்கை இருக்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. பின்னால் குணா நின்றான். கையில் என் சுவரை அளந்த அதே ரசமட்டம். அதன் முனையில் முடி ஒட்டியிருந்தது.

“உள்ள போங்க, ஊர்க்காரரே. பெர்மிட்ட நெனச்சுப் பாருங்க.”

ரீத்தா அவன் பக்கம் திரும்பவில்லை. “முன்னல்லாம் நீங்க தவில எடுத்தா விட்டுருவாரு. பக்கத்துல ஆள் இருக்குன்னு. இன்னிக்கி எவ்ளோ நேரம் சுவத்த தட்டுனேன், அண்ணே.”

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் எட்டு விசைத்தறிகள் இருந்தன. அப்பா அம்மாவை அடித்ததெல்லாம் அவை ஓடும்போதுதான். ஒருநாள் அம்மாவின் மணிக்கட்டு ஒடிந்தது. தெருவே வந்து விசாரித்தது. தறி இடித்துவிட்டது என்றாள், எல்லோரும் நம்பிக்கொண்டார்கள். அன்று மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவன் நான். பத்து வயது. தறியை நிறுத்தவில்லை. அந்த ஊரில் கேட்டுவிட்டு நம்பிக்கொள்வார்கள். இந்த ஊரில் கேட்டுவிட்டுப் பேசாமலிருப்பார்கள். ஒடிந்த எலும்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

கதவைத் திறந்தேன். ரசமட்டம் என் தோளில் இரண்டுமுறை இறங்கியது. ரீத்தாவை உள்ளே இழுத்துத் தாழிட்டேன். அவன் கதவை உதைத்துக்கொண்டே இருந்தான். நாங்கள் முன்வாசல் வழியாகக் காரில் ஏறினோம். அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நாட்குறிப்போடு பாலாய்க்குப் போனேன். காவல் நிலையத்துக்கு இங்கே அதுதான் பெயர். நாளும் மணியும் சத்தமுமாக நிறைந்த நோட்டைப் பார்த்து, என் உடைந்த மலாயையும் கேட்ட காவலர், நான் அண்டைவீட்டு இரைச்சல் பற்றிப் புகார் கொடுக்க வந்திருப்பதாக நினைத்தார். அதற்கு நகராண்மைக் கழகத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். சொல் கிடைக்காமல் என் தாடையில் நானே ஓங்கி அறைந்து காட்டினேன். மறுபடியும் அறைந்தேன். மூன்றாவது அறையில் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

அந்த வாரமே குணாவின் சுவரை, பழைய செங்கல் தெரியும்வரை, கடப்பாரையால் பெயர்த்தேன். மற்ற மூன்று சுவர்களும் அடைத்தபடியே இருக்கின்றன. ரீத்தா மூன்று வாரம் லாபிஸ் என்ற ஊரில் தங்கை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிவந்தாள். “அந்த வீடு என் பேர்லயும் இருக்கு அண்ணே. நான் ஏன் ஓடணும்?” என்றாள். ஜாமீனில் வந்த குணா அவளை நெருங்கக் கூடாதென்று உத்தரவு. ஆனாலும் சில மாலைகளில் அவன் லாரி எங்கள் வரிசையின் முனையில் நிற்கிறது. நான் வாசித்து முடித்ததும் அவள் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். தட்டாவிட்டால் நான் போக வேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு. அந்தத் தட்டுகளைப் பதிவிலிருந்து நான் நீக்குவதில்லை. தட்டுவது யாரென்று அம்மா போனில் கேட்டாள். சொன்னேன். “வாசிக்கிறத விட்டுராதப்பா,” என்றாள்.

ஆலையில் என் அனுமதியை இன்னும் புதுப்பித்துத் தரவில்லை. கேட்டால் பார்க்கலாம் என்கிறார்கள்.

இன்று வியாழன், 7.34. லாரி நிற்கிறது. வாசித்து முடித்துவிட்டேன். மூன்று பக்கமும் ஒரு சத்தம் இல்லை. தவிலை மடியில் வைத்தபடி, விரல்களில் மாட்டிய தவில் கூடுகளைக் கழற்றாமல், இந்த நாட்டுச் செங்கல்லில் காதை வைத்திருக்கிறேன். ஒரு தட்டு கேட்டது. இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறேன்.