கூடத்தில் ஒரு தொட்டிக் கடல்

கடலுக்குள் கேட்கும் சத்தத்தை ஆராய்கிறவருக்கு வாழ்க்கைப்படுவதும் ஓர் உத்தியோகம்தான். லீவு மட்டும் கிடையாது. வீட்டுக்காரர் வேலையில் பாதியைச் சுமக்கும் சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இவர் காலேஜில் பௌதிக வாத்தியார். யுத்தத்துக்குப் பயந்து பட்டணம் காலியானபோது திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தோம்.

துடுப்பில் காது

மரக்காணம் கடற்கரைக்கு இவர் சத்தம் கேட்கிற இரவல் கருவியோடு போனார். கைக்குழந்தையோடு நானும் போனேன். தண்ணீருக்குள் இறக்க ஒரு டப்பா, காதில் மாட்ட ஒன்று, நடுவே முழம் முழமாக ஒயர். இவர் சிக்கெடுத்து முடிப்பதற்குள், எங்களை ஏற்றிப்போன தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்து, கத்தாழை மீன் கூட்டம் கத்துகிறது என்று சொல்லிவிட்டார். பிறகு கருவியிலும் அதுதான் கேட்டது. இவர் அசந்துபோய் விவரம் கேட்டார்.

"எங்க துடுப்புல ஒயரு இல்ல சார், அதான் ஜல்தியா கேக்குது."

மல்லாட்டை வறுவல்

கருவியை உப்பங்கழியில் இறக்கினால் மட்டும் ஒரே படபடப்புச் சத்தம். நானும் மாட்டிக் கேட்டேன். இந்த ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைச் சுடுமணலில் வறுக்கிற மாதிரியே இருந்தது. தோணிக்காரர் கல்லுக்கடியிலிருந்து விரல் நீள இறால் ஒன்றைப் பிடித்துக் காட்டினார். ஒரு கொடுக்கு மட்டும் பெரிசு; அதைச் சொடுக்குகிற சத்தம்தான் என்றார். இருபது இறாலையும் கடல் தண்ணீரையும் கொண்டுவந்து எங்கள் கூடத்துத் தொட்டியில் விட்டோம். அங்கேயும் அதே வறுவல். சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டு ரோசம்மாக்கா எட்டிப் பார்த்தார்.

"இத்தினி நாளா வச்சிக்கினு இருக்கியே, கொழம்பு வைக்க யாரும் சொல்லித் தரலியாம்மா?"

நல்ல தண்ணீர்

இவர் எழுதியிருந்ததற்கு, கருவியை இரவல் கொடுத்த பெரிய புரொபசரிடமிருந்து கடிதம் வந்தது. படபடப்பு கருவியின் கோளாறாம். சனிக்கிழமை வந்து பார்த்து எடுத்துப் போகிறாராம். கருவி போனால் ஆராய்ச்சியும் போச்சு. இவருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் வழக்கம்போல் காதில் மாட்டிக் கேட்டு, சத்தம் உண்டு என்று நோட்டில் குறித்தேன். இவர் ஸ்டேஷனுக்குப் போனார். தொட்டி ஒரே நாற்றம். வருகிறவர் முகம் சுளிப்பாரே, இறாலும் பாவம் என்று பழைய தண்ணீரை மட்டும் மொண்டு கொட்டி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். ரயில் தாமதம். மத்தியானம் புரொபசர் காதில் மாட்டினால் தொட்டியில் ஒரு சத்தமும் இல்லை. உப்பில்லாத தண்ணீர் தாங்காமல் இறால் அத்தனையும் மல்லாந்து கிடந்தன.

இவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அழாக்குறையாக நடந்ததைச் சொல்லி நோட்டை நீட்டினேன். புரொபசர் தொட்டியை விரலால் தட்டினார்; அந்தச் சத்தம் கருவியில் நன்றாகவே கேட்டது. சிரித்துவிட்டார்.

"கருவி அதேதான், ஒயரும் அதேதான், இறால் செத்தது, சத்தம் நின்னுது. உங்க வீட்டுக்காரர் செய்யாம விட்ட பரிசோதனையை நீங்க செஞ்சுட்டீங்கம்மா, கருவி இங்கேயே இருக்கட்டும்."

அழுக்குத் தொட்டியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, கழுவாமல் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான், சகோதரிகளே, விஞ்ஞானத்தில் ரொம்பக் கஷ்டமான பாடம்.