மீன் குளிரறையில் ஒரு பனிமலை

தலைக்கவசத்தில் கமரா என்றால் இன்று சின்னப் பிள்ளைகூடக் கொட்டாவி விடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படியொன்றைச் செய் என்று முதலாளி சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

விளையாட்டு ஒளிபரப்புகளுக்குக் கருவிகள் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை அது. யாழ்ப்பாணத்தில் மின்னியல் படிப்பைப் பாதியில் விட்டு லண்டனுக்கு ஓடிவந்த நான் அங்கே தற்காலிக வேலையாள். முதலாளி வெள்ளைக்காரர், வளவளவென்று பேசமாட்டார். ஆல்ப்ஸ் மலையில் செங்குத்துச் சரிவில் பனிச்சறுக்குப் போட்டி வருகிறது, நேரடி ஒளிபரப்பு, வீரனின் கண்ணுக்குத் தெரிவது வீட்டிலிருப்பவனுக்கும் தெரியவேண்டும் என்றார். "உச்சியிலிருந்து அடிவாரம் வரை படம் அறாமல் வந்தால் உனக்கு இங்கே நிரந்தர வேலை. அறுந்தால் இந்த முயற்சியையே விட்டுவிடுவேன். பிறகு உனக்குத் தர என்னிடம் வேலை இல்லை."

அதற்கு முன்பு பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து சில்லறை கொடுத்தவன் நான். திரும்ப அங்கே போக நான் தயாரில்லை. செய்துகாட்டுவது என்று வரிந்து கட்டிக்கொண்டேன்.

கமரா விரலளவுதான். அதன் படத்தை வானலையில் அனுப்பும் பெட்டி வீரனின் முதுகில். மலையடிவாரத்தில் ஒரு வண்டி அதைப் பிடித்து விண்ணில் சுற்றும் செய்மதிக்கு ஏற்றும். மேசையில் எல்லாம் அம்சமாக வேலை செய்தது. ஆனால் ஆல்ப்ஸ் மேசை இல்லையே! அந்தக் குளிருக்கு லண்டனில் எங்கே போவது?

வழி என் காலடியில் இருந்தது. லூயிஷாமில் நம்மவர் ஒருவரின் மீன்கடைக்கு மேலேதான் என் அறை. கடைக்காரரை எல்லோரும் அண்ணை என்போம். அறக்குளாவும் பாரையும் றாலும் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் பெரிய குளிரறை அவரிடம் இருந்தது.

"அண்ணை, இதைத் தலையில போட்டுக்கொண்டு குளிரறைக்குள்ள கொஞ்சம் ஓடித் திரியேலுமே?"

"உனக்கென்ன விசரே?" என்றார். கேட்டுக்கொண்டே கவசத்தை வாங்கித் தலையில் கவிழ்த்தார். கண்ணாடியில் பார்த்துத் திருப்தியாக மீசையையும் தடவினார். மனிசனுக்கு உள்ளூர ஆசை!

படத்தைப் பிடிக்கும் பெட்டியையும் ஒரு குட்டித் தொலைக்காட்சியையும் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அனுப்பும் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு அண்ணை உள்ளே போனார். கதவு மூடியது. படம் செத்துப்போயிற்று.

அவ்வளவு சீக்கிரமாகக் குளிர் கொல்லுமா? பெட்டியைப் பிரித்தேன், பாகங்களை மாற்றினேன், பஞ்சு சுற்றினேன். அன்றாடம் வேலை முடிந்து வந்து இதே கூத்து. கதவு மூடியதும் படம் போகும். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒரு மாலை, அண்ணை உள்ளே இருக்கும்போதே யாரோ றால் கேட்க, கதவைத் தள்ளித் தலையை நீட்டி, "பொறுங்கோ, வாறன்!" என்று கத்தினார். குட்டித் திரையில் கடையும் சனமும் பளிச்சென்று தெரிந்தன. நான் தலையில் அடித்துக்கொண்டேன். குளிரறையின் சுவர் முழுக்கத் தகரம்! தகரப் பெட்டிக்குள்ளிருந்து வானலை எப்படி வெளியே வரும்? முதலாம் ஆண்டுப் பாடமடா மடையா!

படத்தைப் பிடிக்கும் பெட்டியின் அன்டெனாவை மட்டும் குளிரறைக்குள் வைத்து, அதன் வயரைக் கதவுக்குக் கீழால் வெளியே இழுத்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையான வியாதி தெரிந்தது. குளிரில் பற்றரி சோர்ந்து போயிற்று. அதை அண்ணையின் சேர்ட்டுக்குள், வயிற்றுச் சூட்டோடு கட்டினேன். ஓடத் தொடங்கியது! அடுத்த தலையிடி அண்ணைதான். வாடிக்கையாளர் கூப்பிட்டால் மனிசன் கவசத்தைக் கழற்றிவிட்டுத்தான் பதில் சொல்வார். ஒவ்வொரு முறையும் கமராவிலிருந்து முதுகுப் பெட்டிக்குப் போகும் வயர் பிடுங்கிக்கொண்டு வரும். "கழற்றாதேங்கோ அண்ணை" என்றால், "தலைக்கவசத்தோட நிண்டு கதைச்சால் சனம் என்ன நினைக்கும்?" என்பார். சரியென்று, கழற்றிக் கையில் பிடித்தாலும் அறாதபடி வயரை நீளமாக விட்டு, குளிரில் விறைக்காத உறையும் போட்டேன்.

போட்டிக்கு முதலாளியும் மற்றவர்களும் மலைக்குப் போனார்கள். என் அகதி விண்ணப்பம் முடியாததால் நான் நாட்டை விட்டு நகர ஏலாது. அது எனக்கு எரிச்சல்தான், மறைப்பானேன்.

சனிக்கிழமை, கடையில் சனம் நெருக்கிய நேரம். அண்ணை மேலிருந்து பெரிய தொலைக்காட்சியை இறக்கி ஐஸ் தட்டுக்கு மேலே வைத்தார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "எங்கட தம்பி செய்த கமரா, பாருங்கோவன்!" மீன் வெட்டும் கத்தி ஓய்ந்தது.

வீரன் உச்சியில் நின்றான். படம் அவன் தலைக் கமராவுக்கு மாறியது. அம்மாடி! காலடியில் மலை இல்லை, வெறும் ஆகாயம். குதித்தான். பாறைகள் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு போயின. மீன் பையோடு நின்ற ஓர் அக்கா, "ஐயோ, விழப் போறான்!" என்று என் கையை இறுக்கிப் பிடித்தார். அறாதே, அறாதே என்று படத்திடம் கெஞ்சினேன்.

பாதி மலையில் அவன் தடுமாறி விழுந்தான். வானம், பனி, வானம், பனி. பிறகு ஒரே வெள்ளை.

"போச்சு," என்றார் அண்ணை.

அவனுக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு பதறியது. என் வேலை போயிற்று என்றும் அதே நெஞ்சு பதறியது. இரண்டும் உண்மை. வெள்ளைக்குள் ஏதோ அசைந்தது. ஒரு கையுறை வந்து கண்ணாடியைத் துடைத்தது. திரை நிறைய ஒரு மூக்கு, பனி ஒட்டிய தாடி, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு! கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். வயர் அறவில்லை!

"எழும்பிட்டான்! டேய், எழும்பிட்டான்!" அண்ணை என் முதுகில் போட்ட போட்டில் முதுகெலும்பு கழன்றிருக்கும்.

பயல் கவசத்தைத் திரும்பப் போடவில்லை. அதன் வாரைக் கையில் பிடித்துத் தொங்கவிட்டபடி, மிச்ச மலையை ஆடிப் பாடி இறங்கினான். அதை விட்டு வேறு கமராவுக்கு மாற அங்கே யாருக்கும் மனம் வரவில்லை போலும். படம் தலைகீழாக, அங்கும் இங்கும் ஊஞ்சலாடியது. சனமெல்லாம் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தது. அடிவாரத்தில் கூட்டத்தின் கால்கள் தலைகீழாகத் தெரிந்தபோது கடையே கை தட்டியது. நான் அழுதேன், சிரித்தேன், யாரையோ கட்டிப்பிடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கடைத் தொலைபேசி அடித்தது. முதலாளி. அவருக்குப் பின்னால் காற்றும் கூச்சலும்.

"தலைகீழாக வந்தது," என்றார்.

கடைச் சத்தம் கேளாதபடி மற்றக் காதைப் பொத்தினேன்.

"ஆனால் அறாமல் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து நீ எங்கள் நிரந்தர ஆள். சம்மதமா?"

ஆங்கிலம் முழுவதும் மறந்துபோயிற்று. "ஓம்," என்றேன். "ஓம், ஓம், ஓம்!" அண்ணை தொலைபேசியைப் பிடுங்கி, எனக்குப் பதிலாக ஆங்கிலத்தில் நன்றி சொன்னார்.