துணிக் காவலும் வெக்டர் கணக்கும்

“…அப்ப, முன்னப்பின்ன மாத்திப் போட்டா மைனஸ் வருமா? ரெண்டும் ஒண்ணுதான்னு நீ சொன்னியேட்டி” என்றாள் கனி, ரவிக்கைத் துணியை அளந்துகொண்டே. தென்காசியில் நாங்கள் இருவரும் ஒருகாலத்தில் வேலை பார்த்த அதே ஜவுளிக்கடை. நான் வாங்க வந்தவள். அவள் இன்னும் கவுண்டருக்கு உள்ளே. என் மகள் கணக்குப் புத்தகத்தை அங்கேயே விரித்து வெக்டர் விதிகளை முணுமுணுத்தது வினையாகிவிட்டது.

புதுத்துணியின் கஞ்சி வாசனைக்கு எனக்கு டுட்டோரியல்தான் ஞாபகம் வரும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் தோற்றிருந்த நாங்கள், ஞாயிறுதோறும் இந்த வாசனையோடுதான் அங்கே போய் உட்காருவோம். தேறினால் டீச்சர் டிரெயினிங், இல்லையென்றால் கடைசிவரை கடைதான் என்று கனியிடம் அவள் அப்பா சொல்லியிருந்தார். எனக்கு அப்படிப் பெரிய கவலை ஒன்றும் கிடையாது. வாய்தான் பெரிது.

சாரல் காலத்தில் வாரப் பரீட்சை முடிந்ததும் எல்லாரும் குற்றாலத்துக்குப் பஸ் ஏறுவோம். கடைசி மார்க் வாங்கியவள் குளிக்கக்கூடாது. மற்றவர்களின் துணிப்பைகளுக்குக் காவல் இருக்க வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து நான்தான் காவல். “ஏட்டி வாட்ச்மேன், அந்தச் சோப்பை எடு” என்று கனி அருவிச் சத்தத்துக்கு மேல் கத்துவாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

நாலாவது வாரம், பரீட்சைக்கு முன்னால் கேட்டாள்: “கூட்டுறப்ப மாத்திப் போடலாம், சரி. வெக்டர் பெருக்கல்லயும் அப்படித்தானாட்டி?”

எனக்கு விடை தெரியும். வலக்கை விரல்களை முதல் வெக்டரிலிருந்து இரண்டாவதை நோக்கி மடக்கினால் கட்டைவிரல் மேலே நிற்கும். மாற்றி மடக்கினால் கீழே. திசை தலைகீழாகி மைனஸ் விழும். அந்தப் புத்தகத்திலேயே எனக்குப் புரிந்த ஒரே பாடம் அது.

“ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி” என்றேன்.

அன்று அவள் காவல் இருந்தாள். நான் ஆசை தீரக் குளித்தேன்.

சார் மார்க்கை மட்டும் வாசிப்பார். தாள்கள் கடலைக்கடைக்குப் போய்விடும். தப்பு எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். தண்ணீர் சுகமாக இருந்தது. பெரிய பரீட்சையில் அதே விதியில் ஒரு கணக்கு வந்தது. நான் தேறினேன். அவள் நாலு மார்க்கில் தோற்றாள். அவள் அப்பா சொன்ன சொல் மாறாதவர்.

டுட்டோரியல் இருந்த மாடியில் இப்போது லாட்ஜ். கூடக் குளித்த பெண்களில் ஒருத்தியின் நம்பர்கூட என்னிடம் இல்லை. மிஞ்சியிருந்தவள் கனி மட்டும்தான்.

“வெளையாட்டுக்குச் சொன்னேன் கனி” என்றேன்.

கனி துணியை நறுக்கி மடித்தாள். மகளின் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, மைனஸ் குறி இருந்த வரிக்கு அடியில் நகத்தால் அழுத்திக் கோடு கிழித்தாள். “சந்தேகம்னா அம்மாட்ட கேக்காத, தாயி” என்றாள். பிறகு துணியை என் முன்னால் தள்ளி, “பில்லு அங்கன, மேடம்” என்று அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டாள்.